மலைப் பாலரும் கோட்டைச் சட்டமும்

திண்டுக்கல் நகரில் வாழ்வோர் தென்கிழக்கே முகந்திருப்பிச் சிறுமலையைக் காணாத நாளில்லை. மழைக்காலத்தில் அதன் முடிமேல் மேகம் தங்குமாயின், மலையில் மழை பெய்கின்றது என்று கூறிவிட்டு நம் அலுவலைக் கவனிக்கின்றோம். மலைவாழைப்பழம் சந்தைக்கு வருங்கால் அதன் சுவையைப் புகழ்கின்றோம். விடுமுறை நாளில் 18 கொண்டை ஊசி வளைவுகளையும் கடந்து மேலே சென்று, குளிர்ந்த காற்றை நுகர்ந்து, மாலையில் இறங்கி விடுகின்றோம். அங்கே வாழைக்கும் காப்பிக்கும் மிளகுக்கும் கூலிவேலை செய்யும் குடும்பங்கள் உள என்பதும், காட்டையே மனையாகக் கொண்டிருந்த பளியர் குடியினர் உளர் என்பதும், அவர்தம் மக்கள் காலையில் யாது உண்டு பள்ளிக்குச் செல்கின்றனர் என்பதும் நம் சிந்தையில் எழுவது அரிது.

சிறுமலைக்கும் மிஷன் ஸ்தாபனங்களுக்கும் பழந்தொடர்பு ஒன்று உண்டு. நம் மாணவருள் பலர் அதனை அறியார். அமெரிக்க மிஷனைச் சேர்ந்தோர் 1834-ஆம் ஆண்டில் மதுரைக்கு வந்தனர். சிறிது காலத்திற்குள் திண்டுக்கல்லிலும் நிலையம் அமைத்தனர். சமவெளியின் வெப்பமும் நோயும் தம் மனைவிமாரையும் மக்களையும் வாரிக்கொண்டு போகக் கண்ட அவர்கள், அவர்களைக் காக்கும்பொருட்டு முதலில் நாடியது இச்சிறுமலையையே. ஆயினும் இங்கும் மலைக்காய்ச்சல் அவரை விட்டபாடில்லை. ஆகவே அவர்கள் பழனிமலைத் தொடரின் மேலேறி, 1845-ஆம் ஆண்டில் கொடைக்கானலில் இரண்டு இல்லங்களை எழுப்பிக் கொண்டனர். தம் மக்களைக் காக்க விழைந்த பெற்றோர் செய்யத்தக்கதையே அவர்கள் செய்தனர். அதனைக் குறைகூற நாம் துணியோம். ஆனால் சிறுமலையில் பிறந்த பிள்ளைக்கு ஏறிச்செல்ல வேறு மலை ஏது? அப்பிள்ளையை வருத்திய காய்ச்சல் தணியத் தொடங்கியது, 1953-ஆம் ஆண்டில் தேசிய மலேரியாக் கட்டுப்பாட்டுத் திட்டம் ஏற்பட்டு, அரசாங்க ஊழியர் வீடுதோறும் மருந்து தெளிக்கப் புறப்பட்ட பின்னரே. வசதியுடைய குடும்பம் தன் பிள்ளையைத் தானே காத்துக்கொள்ளும். வசதியற்ற குடும்பத்தின் பிள்ளையை நாடு முழுவதற்கும் செய்யப்படும் ஏற்பாடே காக்கும். இவ்வொன்றை வற்புறுத்தவே இக்கட்டுரையை எழுதப் புகுந்தோம்.

பாலர் நலம் என்றதும் மிஷன் கலாசாலையிற் பயின்றார்க்கு நினைவு செல்வது தருமத்தின்பால். கிறிஸ்து பிறப்பு நாளில் துணியும் பண்டமும் வழங்குகின்றோம். பழைய மாணவர் பொருள் திரட்டி விடுதிகளுக்கு அனுப்புகின்றனர். இவையெல்லாம் நல்லனவே. ஆயின் துணி கிழியும். பண்டம் அன்றைக்கே தீரும். பொருள் அனுப்பிய அன்பர் காலஞ்சென்றால் அவர் மக்கள் அதனைத் தொடர்வர் என்னும் உறுதியில்லை. அன்றியும், தருமம் நம் கண்ணிற் பட்ட பிள்ளையை மட்டுமே சென்றடையும். கண்ணிற் படாத பிள்ளைக்கு நம்மால் வந்த நன்மை யாது?

இதனை விளக்க, நம் நாட்டிலே பள்ளிப்பிள்ளைக்கு உணவு வந்த வரலாற்றைக் காட்டிலும் தக்க சான்று வேறில்லை. பிட்டி தியாகராயர் தலைவராயிருந்த சென்னை நகராண்மைக் கழகத்தார், 1920-ஆம் ஆண்டில் ஆயிரம் விளக்குப் பகுதியிலிருந்த தங்கள் பள்ளியொன்றில் நண்பகல் உணவு அளிக்கத் தீர்மானித்தனர். பிள்ளையொன்றுக்கு நாளொன்றுக்கு ஓரணாவுக்கு மேற்படலாகாது என்பது நிபந்தனை. பின்னர் வேறு சில பள்ளிகளுக்கும் அது பரவிற்று. பிள்ளைகளின் தொகையும் பெருகிற்று. எனினும் ஆரம்பக் கல்விக்குரிய நிதியை உணவிற்குச் செலவிட ஆங்கில அரசாங்கத்தார் இசையாமையால் 1925-ஆம் ஆண்டில் அது நின்றது. பசித்த பிள்ளைக்கு எழுத்து ஏறாது என்பதை அறியாதவர் அல்லர் அவர். சோறு கல்விச் செலவாகுமா என்பதே அவர்க்கு எழுந்த ஐயம். ஒரு தலைப்பின்கீழ் எழுதவேண்டியதை மற்றொரு தலைப்பின்கீழ் எழுதியதாற் குழந்தையின் உணவு நின்றுபோன இச்செய்தியை நாம் மறத்தலாகாது. அலுவலகங்களில் இக்குணம் இன்றும் மாறிற்றில்லை.

1956-ஆம் ஆண்டில் காமராசர் முதலமைச்சராயிருந்த காலத்தில் மதிய உணவு மீண்டும் தலையெடுத்தது. எட்டயபுரத்தில் அதனைத் தொடங்கினர். கல்வித் துறைக்குத் தலைவராயிருந்த நெ. து. சுந்தரவடிவேலு ஊரூராய்ச் சென்று, ஊரார் தரும் நெல்லையும் காசையும் கொண்டு அதனை நிலைநாட்ட உழைத்தனர். கொடையாகத் தொடங்கிய அவ்வேற்பாடு அரசாங்கச் செலவாக மாறியதனாலேயே நின்றது என்பதை ஈண்டுக் கருதுதல் வேண்டும். பின்னர் எம். ஜி. இராமச்சந்திரன் முதலமைச்சராயிருந்தபோது 1982 ஜூலைத் திங்கள் 1-ஆம் நாள் கிராமப்புறங்களிலும், செப்டம்பர்த் திங்கள் 15-ஆம் நாள் நகரங்களிலும் சத்துணவு ஏற்பட்டது. 1984-ஆம் ஆண்டில் 15 வயது வரையிலுள்ள பிள்ளைகளுக்கும் அது நீண்டது. இவ்வளவு செலவை ஒரு மாகாணம் தாங்குமா என்று கற்றோர் பலர் நகைத்தனர். 2001 நவம்பர் 28-ஆம் நாளில் இந்தியத் தலைமை நீதிமன்றம், அரசாங்கப் பள்ளிகளிலும் அரசாங்க உதவி பெறும் பள்ளிகளிலும் சமைத்த உணவு அளிக்கவேண்டுமென எல்லா மாகாணங்களுக்கும் ஆணையிட்டது. அவ்வாணை தானே வந்ததன்று. மக்கள் சிவில் உரிமைக் கழகத்தார் கிடங்குகளில் தானியம் குவிந்திருக்க மக்கள் பட்டினி கிடப்பதை எடுத்துக்காட்டி வழக்குத் தொடுத்தமையால் வந்தது. 2013-ஆம் ஆண்டின் உணவுப் பாதுகாப்புச் சட்டத்தால் அது பிள்ளையின் உரிமையாகவே எழுதப்பட்டது.

நிற்க. இனி நமக்கு மிக அண்மையான செய்திக்கு வருவோம். 2022 செப்டம்பர் 15-ஆம் நாள் மதுரையில் முதலமைச்சரின் காலை உணவுத் திட்டம் தொடங்கிற்று. முதற்கட்டத்தில் 1,545 பள்ளிகள், 1,14,095 பிள்ளைகள். அப்பட்டியலை மேலெழுந்தவாரியாக நோக்குவோர் ஒன்றைக் காணாது விடுவர். மாநகராட்சி, நகராட்சி, ஊராட்சி என்னும் மூன்று தலைப்புக்களோடு, தொலைவான மலைப்பகுதி என்று நான்காவதொரு தலைப்பும் அதில் இருந்தது; அதன்கீழ் 237 பள்ளிகளும் 10,161 பிள்ளைகளும் எண்ணப்பட்டிருந்தனர். மலை என்னும் ஒரு சொல் அரசாங்க ஆணையில் தனித்து எழுதப்பட்டமையாற் பதினாயிரம் பிள்ளைகள் முதல் வரிசையில் உணவு பெற்றனர். அச்சொல் எழுதப்படாதிருப்பின், சாலை நல்லதாயுள்ள ஊர்களே முந்திக்கொண்டிருக்கும். மலையேறிப் பண்டம் பங்கிட்டுப் பதினாயிரம் பேருக்கு நாள்தோறும் உணவளிக்க வல்ல சங்கம் நம்முள் எது?

அதே ஆணையில் எழுதப்படாதுபோன சொல்லும் ஒன்று உண்டு. 2023 ஆகஸ்ட் 25-ஆம் நாள் மாகாணம் முழுவதிலும் 31,008 அரசாங்கத் தொடக்கப்பள்ளிகளுக்கு அத்திட்டம் விரிந்தபோது, அரசாங்க உதவி பெறும் பள்ளிகள் புறத்தே நின்றன. அப்பள்ளிகளுள் மிஷன் பள்ளிகள் பல என்பது நம் வாசகர்க்குச் சொல்லவேண்டுவதில்லை. மதிய உணவிற்கு அரசாங்கப் பள்ளிப்பிள்ளையோடு ஒரே வரிசையில் நின்ற உதவிபெறும் பள்ளிப்பிள்ளை, காலை உணவிற்கு மட்டும் அயலாராயிற்று. ஒரே தெருவில், ஒரே கூலிக்காரர் வீட்டில், அண்ணன் ஒரு பள்ளியிலும் தங்கை ஒரு பள்ளியிலும் படிப்பாராயின், ஒருவர்க்கு இட்ட உணவு மற்றவர்க்கு இல்லை. பள்ளி நிருவாகிகளும் உபாத்தியாயரும் விடாது கேட்டனர். 2024 ஜூலை 15-ஆம் நாள், காமராசர் பிறந்தநாளில், கிராமப்புறத்து உதவிபெறும் பள்ளிகள் 3,995-இல் 2,23,536 பிள்ளைகளுக்கு அத்திட்டம் வந்தது. திருவள்ளூர் ஜில்லாவில் கீழச்சேரியிலுள்ள புனித அன்னாள் பள்ளியில் அதனைத் தொடங்கினர். நகரத்துப் பள்ளிகளோ மேலும் ஓராண்டு காத்திருந்து, 2025 ஆகஸ்ட் 26-ஆம் நாளிலேயே பெற்றன. 2,429 பள்ளிகள், மூன்று லட்சத்திற்கும் மேற்பட்ட பிள்ளைகள், தொடக்கவிழா மயிலாப்பூர்ப் புனித சூசையப்பர் பள்ளியில்.

விழா இரண்டும் கிறிஸ்தவப் பள்ளிகளிலேயே நிகழ்ந்தன என்று நம்மவருட் சிலர் பெருமிதம் கொண்டதைக் கேட்டோம். நமக்குப் பெருமிதம் தோன்றவில்லை. மூன்றாண்டு தாமதமே தோன்றிற்று. முதல் ஆணை எழுதப்படுவதற்கு முன்னரே நம் ஸ்தாபனங்கள் ஒருங்கு கூடி, "எம் பள்ளிகளில் இத்துணைப் பிள்ளைகள் காலையில் உண்ணாது வருகின்றனர்" என்று பள்ளிவாரியாக எண்ணிக் கோட்டைக்கு அனுப்பியிருப்பின் அத்தாமதம் குறைந்திருக்கக் கூடும். கல்லூரிப் படிப்பிற்கு மாதம் ஆயிரம் ரூபாய் வழங்கும் புதுமைப்பெண் திட்டத்திலும் இதுவே நிகழ்ந்தது. 2022 செப்டம்பரில் அரசாங்கப் பள்ளியிற் பயின்ற பெண்களுக்கு வந்தது; உதவிபெறும் பள்ளியில் தமிழ்வழிப் பயின்ற பெண்களுக்கு 2024 டிசம்பர் 30-ஆம் நாளில்தான் வந்தது. இடையே இரண்டு வகுப்பு மாணவியர் வந்து சென்றுவிட்டனர். அவர்கட்கு அத்தொகை இனி யார் தருவார்?

புதுமைப்பெண் திட்டத்தைக் குறித்து மற்றொன்றும் கூறவேண்டும். 1989-ஆம் ஆண்டில் மூவலூர் இராமாமிருதம் அம்மையார் பெயரால் ஏழைப்பெண்ணின் திருமணத்திற்கு உதவி அளிக்கும் திட்டம் ஏற்பட்டது. 2022-ஆம் ஆண்டில் அதே பெயரால் அவ்வுதவி உயர்கல்விக்கு மாற்றப்பட்டது. திருமணப் பந்தலுக்குச் சென்ற பணம் வகுப்பறைக்குச் சென்றதாயிற்று. நம் ஜில்லாவின் வேடசந்தூர்ப் பக்கத்து நூற்பாலைகளை அறிந்தோர்க்கு இம்மாற்றத்தின் பொருள் விளங்கும். மூன்றாண்டு ஆலையில் உழைத்தால் முடிவில் திருமணச் செலவிற்கு ஒரு தொகை தருவதாகச் சொல்லி இளம்பெண்களை அழைத்துச் சென்ற சுமங்கலித் திட்டம் என்னும் வழக்கம், பெற்றோரின் கவலையையே கருவியாகக் கொண்டு எழுந்தது. தந்தையைப் பழித்து ஆவதென்? சீர்வரிசைக்குப் பணம் வேண்டும், ஆலை தருகின்றது, பள்ளி தரவில்லை. பள்ளியும் தந்தபோது கணக்கு மாறத் தொடங்கிற்று. 18 வயதிற்கு முன் மணம் முடிக்கப்பெற்றோர், 20 முதல் 24 வயதுடைய பெண்களுள் நூற்றுக்கு 16.3 பேராயிருந்தது, 2019-21-ஆம் ஆண்டுக் குடும்பநலக் கணக்கெடுப்பில் 12.8 பேராயிற்று. குறைந்ததே, எனினும் எட்டுப் பெண்களுக்கு ஒருத்தி என்பது சிறு கணக்கன்று.

அதே கணக்கெடுப்பில் நம்மைத் திடுக்கிடச் செய்யும் செய்தி வேறொன்று. நம் மாகாணத்திற் பிறக்கும் குழந்தைகளுள் நூற்றுக்கு 99-க்கு மேற்பட்டவை மருத்துவமனையிலேயே பிறக்கின்றன. ஆயினும் ஐந்து வயதிற்குட்பட்ட பிள்ளைகளுள் இரத்தசோகை உடையோர் நூற்றுக்கு 50.7-லிருந்து 57.4 ஆக உயர்ந்திருந்தனர். பிறக்கும்போது காத்த நாம் வளரும்போது விட்டுவிட்டோம் என்பதன்றோ இதன் பொருள்? காலை உணவும் மதிய உணவும் பள்ளிக்கு வந்த பிள்ளைக்கே. அங்கன்வாடியில் உட்கார்ந்து உண்பதும் இரண்டு வயது கடந்த பிள்ளையே. மூன்று வயதிற்குட்பட்ட மகவோ, தாய் தோட்டத்திற்குச் சென்றுவிட, பாட்டியின் மடியிலோ, ஆறு வயது அக்காளின் இடுப்பிலோ கிடக்கின்றது. 1980-ஆம் ஆண்டில் தமிழ்நாடு ஒருங்கிணைந்த ஊட்டச்சத்துத் திட்டம் தொடங்கியபோது, முதன்முதல் அதனைச் சோதித்துப் பார்த்தது, திண்டுக்கல்லும் அன்று உட்பட்டிருந்த பழைய மதுரை ஜில்லாவிலே. ஆறு மாதம் முதல் மூன்று வயது வரையிலுள்ள குழந்தைகளை மாதந்தோறும் தராசிலிட்டு நிறுத்து, எடை தளர்ந்த குழந்தைக்கு மட்டும் மிகையுணவு தந்து, தேறியதும் நிறுத்தினர். கடுமையான மெலிவு குறைந்தது. எண்ணினார், நிறுத்தார், ஆகவே கண்டார். மேலே தோட்டங்களில் வேலைசெய்யும் தாய்மாருக்கு அருகிலேயே குழந்தைக் காப்பகம் வேண்டுமென்று நாம் கேட்பதாயின், முதலிற் செய்யவேண்டுவதும் அந்நிறுத்தலே.

விடுதிகளைப் பற்றி ஒரு சொல். இது பழைய மாணவர் சிலர்க்குக் கசக்கலாம். மிஷன் விடுதிகள் எத்துணையோ ஏழைப்பிள்ளைகளை ஆளாக்கின. அதனை மறுப்பார் இலர். ஆனால் தந்தையை இழந்த பிள்ளையைத் தாயினின்று பிரித்து விடுதியிற் சேர்ப்பதையே முதல் உதவியாகக் கருதும் வழக்கம் இனியும் தகாது. 2015-ஆம் ஆண்டின் இளைஞர் நீதிச் சட்டம், பிள்ளையை இல்லத்திற் சேர்த்தல் வேறு வழியொன்றும் இல்லாதபோதே செய்யத்தக்கது என்று கூறுகின்றது. 2022-ஆம் ஆண்டில் வாத்சல்யத் திட்டத்தின்கீழ், அத்தகைய பிள்ளை குடும்பத்திலேயே வளரும்பொருட்டு மாதம் ரூ. 4,000 என்று வகுத்தனர். 2025 செப்டம்பரில் நம் மாகாண அரசாங்கத்தார் அன்புக்கரங்கள் என்னும் பெயரால் ரூ. 2,000 அளிக்கத் தொடங்கினர். கைம்பெண் ஒருத்தி தன் பிள்ளையைத் தன் குடிசையிலேயே வைத்து வளர்க்க இத்தொகை போதும். ஆனால் விண்ணப்பமும், சான்றிதழும், குழுவும், அலுவலகமும் திண்டுக்கல்லில். வருமானச் சான்று ஒருநாள், சாதிச் சான்று ஒருநாள், வங்கிக் கணக்கு ஒருநாள் என்று அவள் மலையிறங்குந்தோறும் ஒருநாட் கூலி போகின்றது. மூன்றாம் முறை அவள் வருவதில்லை. விடுதிக்கு ஆயிரம் ரூபாய் அனுப்பும் அன்பர், அவளோடு அலுவலகத்திற்கு ஒருநாள் நடப்பாராயின் அதுவே பெருங்கொடை. அத்தகைய நூறு தாய்மாரின் அலைச்சலை எழுதி, இக்குழு ஆண்டிற்குச் சில முறையேனும் மலைமேற் கூடுதல் வேண்டுமென்று ஆணை பெறுவாராயின் அது கொடையினும் பெரிது.

"இஃது அரசியல் அன்றோ? கலாசாலைக்கு அரசியல் எற்றுக்கு?" என்று வினவுவோர் உளர். அவர்க்கு நாம் சிறுமலையின் அடிவாரத்தையே விடையாகக் காட்டுவோம். அங்கே 1947-ஆம் ஆண்டில் டாக்டர் சௌந்தரம் அம்மையாரும் அவர் கணவர் ஜி. இராமச்சந்திரனும் காந்திகிராமத்தை நிறுவினர். அம்மையார் செல்வம் மிக்க டி. வி. சுந்தரம் அய்யங்காரின் மகளார், மருத்துவம் பயின்றவர். ஏழைத் தாய்மாருக்கு மருந்து கொடுத்து, ஆதரவற்ற குழந்தைகளை வளர்த்து, அவ்வளவில் அமைந்திருப்பினும் உலகம் அவரைப் போற்றியிருக்கும். அவரோ 1952-ஆம் ஆண்டில் ஆத்தூர்த் தொகுதியிலிருந்து சென்னைச் சட்டசபைக்கும், 1962-ஆம் ஆண்டில் திண்டுக்கல்லிலிருந்து பாராளுமன்றத்திற்கும் சென்று, மத்திய அரசாங்கத்தில் கல்வித் துணை அமைச்சராகவும் இருந்தார். நோயாளியின் கட்டிலருகே அறிந்ததைச் சட்டசபையிற் சொல்ல வேண்டுமென்று அவர் கருதினார் போலும். அவர்க்கு முன்னர் டாக்டர் முத்துலட்சுமி அம்மையாரும் அவ்வாறே செய்தார். சென்னைச் சட்டசபையின் முதற் பெண் உறுப்பினராயிருந்து பெண்மக்களின் இழிவைத் தீர்க்கச் சட்டம் கேட்ட அவரே, 1930-ஆம் ஆண்டில் ஔவை இல்லத்தையும் தொடங்கினார். ஒரு கை இல்லம் நடத்த, மறு கை சட்டம் எழுதிற்று. நம்மவர் முதற் கையை மட்டும் பின்பற்றுகின்றோம்.

எக்கட்சி ஆளினும் பிள்ளையின் உணவிற்கு ஆதரவு தேடுதல் கட்சி அரசியல் ஆகாது. மேலே கூறிய வரலாற்றில் நீதிக் கட்சியும் காங்கிரசும் இரு திராவிடக் கட்சிகளும் மாறிமாறி வருகின்றமையை வாசகர் கண்டிருப்பர். ஒருவர் தொடங்கியதை மற்றவர் நிறுத்தத் துணியாமைக்குக் காரணம், பெற்றோர் அதனைத் தம் உரிமையாகக் கொண்டுவிட்டமையே. இலவசம் என்று இதனை இகழ்வோர்க்கு ஒன்று கூறுவோம். நாம் படிக்கும் இக்கலாசாலையின் உபாத்தியாயர் ஊதியத்திற் பெரும்பகுதியும் அரசாங்க உதவியே. அதனை எவரும் இலவசம் என்று கூறக் கேட்டிலோம்.

ஆகவே நம் மாணவர் செய்யத்தக்கது யாதென்பதற்கு வருவோம். நாட்டுநலப்பணித் திட்ட முகாமில் மரம் நட்டுச் சாலை துப்புரவு செய்வதோடு, ஒரு முகாமையேனும் எண்ணுவதற்கு ஒதுக்குக. 2025 வரை வெளிவந்த காலை உணவு ஆணைகள் எல்லாம் ஐந்தாம் வகுப்போடு நின்றன. ஆறாம் வகுப்பிற்கு ஏறிய பிள்ளைக்குக் கோடை விடுமுறைக்குள் பசி தீர்ந்துவிடுமா? சிறுமலையிலும் அடிவாரத்து ஊர்களிலும் ஆறு முதல் எட்டு வரையிலுள்ள வகுப்புக்களில் எத்துணைப் பிள்ளைகள் உண்ணாது வருகின்றனர், மூன்று வயதிற்குட்பட்ட எத்துணை மக்கள் பகலில் தாயின்றி இருக்கின்றனர், எத்துணைக் குடும்பங்கள் சான்றிதழின்றி உதவி இழந்துள்ளன என்னும் மூன்று கேள்விகளே போதும். பெற்றோர் இசைவு பெற்றுக் கேட்க, பெயரைக் குறியாதொழிக, பிள்ளைகளைப் படமெடுத்தல் வேண்டா. நம் கூட்டங்களில் தருமத்தைப் படமெடுக்கும் வழக்கம் மிகுந்துவிட்டது.

எண்ணியதைக் கொண்டு முதலில் கிராம சபைக்குச் செல்லுதல் வேண்டும். ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1 என ஆண்டிற்கு ஆறு நாள் அது கூடுவதென 2022-ஆம் ஆண்டு முதல் ஏற்பாடு. அங்கே பேசவேண்டியவர் மலையூர்ப் பெற்றோரே; மாணவர் எழுதிக்கொடுத்து அருகில் நிற்பதோடு அமைக. தீர்மானத்தின் படியோடு கலெக்டருக்கும், தொகுதி உறுப்பினருக்கும், சட்டசபையின் மனுக்கள் குழுவுக்கும், மாநிலக் குழந்தைகள் உரிமைப் பாதுகாப்பு ஆணையத்துக்கும் விண்ணப்பம் செல்லட்டும். எளிய தமிழில் இரண்டு பக்கத்திற்கு மேற்படாது எழுதி, கேட்பது இன்னதென்று முதல் வரியிலேயே கூறி, எண்ணிக்கையைப் பின்னே இணைத்து, படி ஒன்று தம்பால் வைத்துக்கொண்டு, அதன்மேல் அலுவலகத்தாரின் நாளிட்ட முத்திரையைக் கேட்டுப் பெற்றுக்கொள்ளுதல் வேண்டும். அம்முத்திரை இல்லையேல் அடுத்த ஆண்டு மாணவர் மீண்டும் முதலிலிருந்தே தொடங்க நேரும்.